ஜோசப் பாசல்ஜெட்டின் தொடக்கப் பணிகளும் தேம்ஸ் ஆறும்

ஜோசப் பாசல்ஜெட் (1819–1891) லண்டன் நகரின் கழிவுநீர் அமைப்பை வடிவமைத்த ஆங்கிலேயப் பொறியாளர். 1858-ஆம் ஆண்டின் 'பெரும் நாற்றம்' என்ற நிகழ்வோடு சேர்த்தே அவர் பெயர் பொதுவாகச் சொல்லப்படுகிறது. ஆனால் அவருடைய திட்டம் அந்த ஒரு கோடையில் பிறந்ததன்று. அதற்கு முந்தைய இருபது ஆண்டுகளில் அவர் செய்த, அதிகம் பேசப்படாத வேலைகளில்தான் அதன் வேர் இருக்கிறது.

லண்டனுக்கு வடக்கே உள்ள என்ஃபீல்டில் பிறந்த பாசல்ஜெட், கடற்படை அதிகாரி ஒருவரின் மகன். பதினேழு வயதளவில் ஜான் மக்நீல் என்ற பொறியாளரிடம் பயிற்சி மாணவராகச் சேர்ந்தார். அயர்லாந்தில் தாழ்நிலங்களிலிருந்து நீரை வடித்து அவற்றை மீட்கும் பணிகளில் அங்கே பழகினார். மண் எந்தப் பக்கம் சரிகிறது, நீர் எவ்வளவு சரிவில் தானாக ஓடும், ஓதம் ஏறும்போது வடிகாலின் வாய் என்ன ஆகும் என்பன போன்றவையே அப்பணியின் அன்றாடக் கேள்விகள். பின்னாளில் லண்டனில் அவர் எதிர்கொண்டவையும் இதே கேள்விகள்தாம்.

1842-இல் லண்டனில் சொந்தமாகத் தொழில் தொடங்கினார். இரயில் பாதைகள் மீது நாடே பித்துக்கொண்டிருந்த காலம் அது. வேலை குவிந்தது, உடல்நிலை அதைத் தாங்கவில்லை. 1847-இல் கடும் நரம்புத் தளர்ச்சிக்கு ஆளாகி, ஊருக்கு வெளியே சென்று ஓய்வெடுத்தார். மீண்டு வந்தவர் 1849-இல் பெருநகரக் கழிவுநீர் ஆணையத்தில் உதவி நிலஅளவையாளராகச் சேர்ந்தார். இரயில் பணியோடு ஒப்பிட்டால் புகழ் தராத வேலை.

மழைநீர்க் கால்வாயில் மலம்

லண்டனின் பழைய கால்வாய்கள் மழைநீருக்காக அமைந்தவை. 1815 வரை வீட்டுக் கழிவை அவற்றில் விடுவது சட்டப்படி குற்றம். கழிவு மலக்குழிகளில் தேங்கியது. கூலிக்கு ஆள் வைத்து இரவில் அள்ளி, வயல்களுக்கு எருவாக விற்றார்கள். நீர் ஊற்றிக் கழுவும் கழிப்பறைகள் பெருகியதும் குழிகள் நிரம்பி வழிந்தன. நோய் நாற்றத்தால் பரவுகிறது என்று உறுதியாக நம்பிய எட்வின் சாட்விக்கின் செல்வாக்கில் இயங்கிய ஆணையம், மலக்குழிகளை மூடி வீடுகளைக் கால்வாய்களோடு இணைக்க உத்தரவிட்டது. வீடுகள் தூய்மையாயின, கழிவு முழுவதும் தேம்ஸுக்குப் போனது. அந்த ஆற்றிலிருந்துதான் குடிநீர் நிறுவனங்கள் பல நீர் எடுத்தன. நல்லெண்ணத்தால் விளைந்த கேடுகளுக்கு இதைவிடத் தெளிவான சான்று வரலாற்றில் குறைவு. 1848–49 காலரா லண்டனில் 14 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொன்றது.

பாசல்ஜெட் பணியில் சேர்ந்தது இந்தக் கொள்ளைநோய் உச்சத்தில் இருந்தபோது. ஆணையத்தின் உறுப்பினர்கள் அடிக்கடி மாறினர். ஒருவர் ஒப்பிய திட்டத்தை அடுத்தவர் கிடப்பில் போட்டார். தலைமைப் பொறியாளர் ஃபிராங்க் ஃபார்ஸ்டர் பணிச்சுமையால் நலிந்து 1852-இல் இறந்தார். அந்த இடத்துக்கு பாசல்ஜெட் வந்தார். ஃபார்ஸ்டர் விட்டுச்சென்ற வரைவுகளையே அவர் வளர்த்தெடுத்தார் என்பதையும் சொல்லியாக வேண்டும். தனிமனிதச் சாதனையாக இதை எழுதும் நூல்கள் ஃபார்ஸ்டரை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன.

சிக்கலின் மையம் ஓதம். பழைய கால்வாய்கள் ஆற்றை நோக்கி நேராக இறங்கின. ஓதம் ஏறும்போது அவற்றின் வாய்கள் அடைபட்டு, கழிவும் மழைநீரும் உள்ளேயே தேங்கின. தாழ்வான தென்கரையில் வீடுகளின் நிலவறைகளுக்குள் புகுந்தன. ஓதம் வடியும்போது வெளியேறிய கழிவு, அடுத்த ஓதத்தில் நகருக்கே திரும்பி வந்தது. இதற்கு விடையாக, ஆற்றுக்கு இணையாகக் கிழக்கு நோக்கி ஓடும் இடைமறிப்புக் கால்வாய்களை அமைத்து, கழிவை ஆற்றில் விழுமுன் தடுத்து நகருக்குக் கீழே கொண்டுசெல்ல வேண்டும் என்று திட்டமிடப்பட்டது. சரிவு மைலுக்கு 2 அடி அளவில் இருந்தது. சரிவு போதாத இடங்களில் நீராவி எந்திரங்கள் நீரை மேலேற்றும்.

மழைக்கு என்ன செய்வது? பெருமழை முழுவதையும் ஏற்கும் கால்வாயைக் கட்டுவதற்குச் செலவு கட்டாது. எனவே நாளொன்றுக்குக் கால் அங்குல மழையைக் கழிவோடு சேர்த்துக் கொண்டுசெல்லும் அளவுக்குக் கால்வாய்கள் வடிவமைக்கப்பட்டன. அதற்கு மேல் வந்தால் மிகுநீர் பழைய வாய்கள் வழியே ஆற்றில் விழும்.

காத்திருந்த திட்டம்

1856-இல் புதிய பெருநகரப் பணிகள் வாரியத்தின் தலைமைப் பொறியாளரானார். அதே ஆண்டு அளித்த திட்டத்தை, கழிவு வெளியேறும் இடம் நகருக்கு மிக அருகில் இருப்பதாகக் கூறி அரசு தள்ளியது. இழுபறி இரண்டு ஆண்டு நீடித்தது. 1858 சூன் வெயிலில் தேம்ஸ் நாறியபோது, ஆற்றோரத்தில் இருந்த நாடாளுமன்றத்தின் திரைகளைச் சுண்ணாம்பு குளோரைடில் நனைத்துத் தொங்கவிட்டார்கள். சூலை 15 அன்று டிஸ்ரேலி கொண்டுவந்த மசோதா ஆகஸ்ட் 2-இல் சட்டமானது. இடைப்பட்ட 1853–54 காலராவில் இறந்த 10 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரால் நகராத கோப்பு, உறுப்பினர்களின் மூக்கைத் தொட்டதும் 18 நாளில் நகர்ந்தது.

நோய் நீரால் பரவுகிறது என்று ஜான் ஸ்னோ 1854-இல் சோஹோ பகுதியின் அடிகுழாய் ஒன்றை வைத்துக் காட்டியிருந்தார். ஆட்சியாளர்கள் பெரும்பாலோர் ஏற்கவில்லை. நாற்றத்தைப் போக்கவே கால்வாய் கட்டினார்கள். அது குடிநீரைக் காத்தது. 1866-இல் காலரா மீண்டும் வந்தபோது, புதிய அமைப்பு இன்னும் முழுமையாகச் சேராத கிழக்கு லண்டனே பெரிதும் பாதிக்கப்பட்டது.

கட்டுமானம் 1859-இல் தொடங்கியது. முதன்மைக் கால்வாய்களின் நீளம் 82 மைல். பணிகள் 1875 வரை நீண்டன. மிகுமழை நீரைக் கழிவோடு ஆற்றில் விடும் ஏற்பாடு மட்டும் அப்படியே தொடர்ந்தது. மக்கள்தொகை பெருகப் பெருக, அது எப்போதோ நடப்பதாக இல்லாமல் அடிக்கடி நடப்பதாயிற்று. அந்த மிகுநீரைப் பிடிக்க தேம்ஸின் அடியில் 25 கிலோமீட்டர் நீளச் சுரங்கம் 2016-இல் தொடங்கப்பட்டு, 2025-இல் முழுமையாக இணைக்கப்பட்டது.