செம்பனைத் தோட்டத்தில் டி.டி.டி.

1901-ஆம் ஆண்டில் கிள்ளானில் மலேரியா தலைவிரித்தாடியது. அவ்வாண்டு செப்டம்பரில் திறந்த சுவெட்டன்ஹாம் துறைமுகம், அதாவது இன்றைய கிள்ளான் துறைமுகம், காய்ச்சலால் முடங்கியது. டாக்டர் மால்கம் வாட்சன் சதுப்பு நிலத்தில் வாய்க்கால் வெட்டச் செய்து நோயை அடக்கினார். அக்காலத்தில் மண்வெட்டிதான் மருந்து.

பிறகு டி.டி.டி. வந்தது. பூச்சியைக் கொல்லும் அதன் ஆற்றலை 1939-இல் கண்டறிந்த சுவிட்சர்லாந்துக்காரர் பால் முல்லருக்கு 1948-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஈதேன் என்பது கரியும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஒரு வாயு. அதில் ஹைட்ரஜன் அணுக்கள் சிலவற்றின் இடத்தில் குளோரினை வைத்தால் ஹாலோஆல்கேன். டி.டி.டி.யும் அந்த வம்சத்தில் வந்ததுதான். மழையில் கரையாது, வெயிலில் எளிதில் சிதையாது. ஒருமுறை தெளித்தால் மாதக்கணக்கில் நிற்கும். கொசுவை விரட்ட, வீட்டுச் சுவருக்கு இது நல்ல குணம். தோட்டத்திலோ வேறு கதை ஆயிற்று.

1960-களின் தொடக்கத்தில் மலாயாவின் செம்பனைத் தோட்டங்களில் ஓலை தின்னும் புழுக்களின்மேல் இத்தகைய குளோரின் மருந்துகளைத் தெளித்தார்கள். புழு குறைய வேண்டுமே? பெருகியது! பூச்சியியல் அறிஞர் பிரையன் வுட் காரணம் கண்டார். மலாயில் உலாட் புங்குஸ் எனப்படும் பைப்புழு, ஓலைத் துணுக்குகளால் தைத்த பைக்குள் பதுங்கிக் கிடக்கும். அதைத் தேடிக் கொல்லும் சிறு குளவிகளோ ஓலைக்கு ஓலை பறந்து, அங்கே ஒட்டியிருந்த நஞ்சில் மடிந்தன. மருந்தை நிறுத்திய தோட்டங்களில் குளவிகள் திரும்பின, புழுவும் அடங்கியது.

2001-ஆம் ஆண்டின் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை, டி.டி.டி.யை நோய் பரப்பும் பூச்சிகளுக்கு மட்டும் என்று ஒதுக்கிவிட்டது. இன்று செம்பனைத் தோட்டச் சாலையோரங்களில் மஞ்சளாகப் பூக்கும் காசியாச் செடிகளைப் பார்க்கிறோம் அல்லவா? அந்தக் குளவிகளுக்குத் தேன் கிடைக்கட்டும் என்றுதான் அவற்றை நடுகிறார்கள்.