கொடுஞ்சோகை கற்பித்த பாடம்

தன் மெய்யுருவை நெடுங்காலம் மறைத்து மருத்துவ உலகை அலைக்கழித்த நோய்களுள் கொடுஞ்சோகை என்பதும் ஒன்று. லண்டன் கைஸ் மருத்துவமனையைச் சேர்ந்த தாமஸ் அடிசன் 1849-ஆம் ஆண்டில் அதனை விவரித்தார். நோயாளியின் உடல் வெளிறும். வலிமை நாளுக்கு நாள் குன்றும். முடிவில் உயிர் பிரியும். காரணம் புலப்படவில்லை, மருந்தும் இல்லை.

முக்கால் நூற்றாண்டு கழிந்தது. 1926-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஜார்ஜ் மைனட், வில்லியம் மர்பி என்னும் மருத்துவர் இருவர் ஒரு நற்செய்தியை வெளியிட்டனர். நோயாளிகள் 45 பேருக்கு நாள்தோறும் ஈரலை மிகுதியாக உண்ணக் கொடுத்தனர். சாவை எதிர்நோக்கியிருந்தவர்கள் தேறி எழுந்தனர். நாய்களின் சோகைக்கு ஈரல் உதவுவதை முன்னரே கண்டறிந்த ஜார்ஜ் விப்பிளும் இவ்விருவரும் 1934-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். உணவிலுள்ள அச்சத்தை உடல் ஏற்பதற்கு இரைப்பையில் சுரக்கும் ஒரு பொருள் துணைசெய்கிறது என்றும், கொடுஞ்சோகையில் அச்சுரப்பு இல்லையென்றும் வில்லியம் காசில் காட்டினார். 1948-இல் ஈரலிலிருந்து அச்சத்தே செந்நிறப் படிகமாகப் பிரித்தெடுக்கப்பட்டது. அதுவே வைட்டமின் பி12.

இந்த வைட்டமின் குறைந்தால் நிகழ்வது என்ன? எலும்பு மஜ்ஜையில் பிறக்கும் இரத்த அணுக்களின் உட்கரு முதிர்வதில்லை; அணுவின் உடல் மட்டும் பருக்கிறது. அவற்றுட் பல மஜ்ஜையிலேயே மடிகின்றன. ஆகவே சிவப்பணு, வெள்ளணு, தட்டணு ஆகிய மூன்றும் குறையக்கூடும். மஜ்ஜையோ முதிராத பேரணுக்களால் நிறைந்திருக்கும். நுண்பெருக்கியில் காணும் இத்தோற்றம் இரத்தப் புற்றுநோயை ஒத்திருப்பதால், தேர்ந்த மருத்துவரும் மயங்குவது உண்டு. கயிற்றை அரவெனக் கருதும் மயக்கம் இது!

தோற்றம் ஒன்றாயினும் காரணம் வேறு. புற்றுநோயில் அணுக்கள் கட்டுப்பாட்டை இழந்து பெருகுகின்றன. இங்கோ தேவையான பொருளின்றி வளர்ச்சி தடைப்படுகிறது. முன்னதற்குக் கடுமையான மருந்துகள் வேண்டும். பின்னதற்குப் பி12 ஊசிகளே போதும். சில நாட்களில் மஜ்ஜை தன்னிலைக்குத் திரும்பத் தொடங்கும். ஆயினும் காலந்தாழ்த்தினால் நரம்புகள் சீர்கெட்டு, மீளாத ஊனமும் நேரலாம். ஆகவேதான் புற்றுநோய் என்று முடிவுகட்டுமுன் இரத்தத்தில் பி12-இன் அளவைச் சோதித்தறிவது இன்றியமையாதது.

பால், முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றில் இச்சத்து உண்டு. காய்கனிகளிலும் தானியங்களிலும் இயல்பாக இல்லை. மரக்கறி உணவினர் இதனை மறத்தலாகாது.

கண்ட தோற்றத்தோடு நின்றுவிடாமல் அதன் காரணத்தையும் தேடுவதே அறிவியல். அத்தேட்டத்தால் எத்தனையோ உயிர்கள் பிழைத்தன என்பதே கொடுஞ்சோகையின் வரலாறு நமக்குக் கற்பிக்கும் பாடம்.