தானியங்கி கியர்பெட்டி எண்ணெயைக் குளிர்வித்தல்: வரலாறு

தானியங்கி கியர்பெட்டி எண்ணெய் என்பது காரின் கியர்பெட்டிக்குள் விசையைக் கடத்தி, கிளட்சுகளை அழுத்தி இயக்கி, உராய்வைக் குறைத்து, வெப்பத்தையும் வெளியேற்றும் திரவமாகும். அளவுக்கு மீறிச் சூடானால் அது விரைவில் கெட்டுவிடும்.

தொடக்கம்

பெருமளவில் உற்பத்தியான முதல் முழுத் தானியங்கி கியர்பெட்டி, ஜெனரல் மோட்டார்சின் ஹைட்ராமாட்டிக். இது 1940ஆம் ஆண்டு மாதிரி ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் அறிமுகமானது. 1948இல் பியூக் கார்களில் வந்த டைனாஃப்ளோ, டார்க் கன்வெர்ட்டரைக் கொண்டிருந்தது. அதனுள் எண்ணெய் வழுக்கிச் சுழல்வதால் விசையின் ஒரு பகுதி வெப்பமாக வீணாகிறது.

ரேடியேட்டர் வழி

இவ்வெப்பத்தை நீக்க, எண்ணெயைக் குழாய்கள் வழியே ரேடியேட்டர் தொட்டிக்குள் இருக்கும் சிறு குளிர்விப்பானுக்கு அனுப்பும் முறை பரவலானது. சூடான எண்ணெய் அங்குள்ள நீருக்கு வெப்பத்தைக் கொடுக்கிறது. குளிர்காலத்தில் இது எதிர்மாறாகவும் நிகழும்: இயந்திரம் சூடேறியபின் ரேடியேட்டர் நீர், தடித்துக் கிடக்கும் எண்ணெயை இளக்கும்.

திமிங்கில எண்ணெயும் அரிப்பும்

கிளட்சுகள் மென்மையாகப் பற்றுவதற்காக அக்கால எண்ணெயில் ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் எண்ணெய் சேர்க்கப்பட்டது. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்கா அதைத் தடை செய்தது. மாற்றாக வந்த டெக்ஸ்ரான் 2 எண்ணெயின் 'சி' வகை, குளிர்விப்பானின் பற்றவைப்பு இணைப்புகளை அரித்தது. இணைப்பு ஓட்டையானால் ரேடியேட்டர் நீர் எண்ணெயில் கலந்து கிளட்சுகளைப் பாழாக்கும். அரிப்புத் தடுப்பு திருத்தப்பட்ட 'டி' வகை இக்குறையைத் தீர்த்தது.