கூடு விட்டுக் கூடு

போன ஆவணியில் பட்டாணிக்குப் புதுக் கூண்டு வாங்கினேன். பட்டாணி எங்கள் வீட்டு லவ் பேர்ட். சரியாகச் சொன்னால் அது லவ் பேர்டே இல்லை. நிஜ லவ் பேர்ட் ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. நம் ஊர்க் கடைகளில் அந்தப் பெயரில் விற்பதெல்லாம் பெரும்பாலும் ஆஸ்திரேலியாவின் பட்ஜரிகர் என்ற குட்டிக் கிளி. பச்சை உடம்பு, மஞ்சள் முகம், முதுகில் கறுப்பு வரிகள், மொத்த எடை 35 கிராம் இருக்கும். பழைய கூண்டு ஒரு அடிக்கு ஒரு அடி. புதியது மூன்றடி அகலம், எவர்சில்வர் கம்பி. சனிக்கிழமை காலை பத்து நிமிஷத்தில் வேலை முடிந்துவிடும் என்று நினைத்தேன். இரண்டு கதவுகளையும் எதிரெதிரே திறந்து வைத்தேன். பட்டாணி பழைய கூண்டின் பின்மூலைக்குப் போய், இறகையெல்லாம் உடம்போடு ஒட்டிக்கொண்டு, பாதி உருவமாகச் சுருங்கி நின்றது.

மதியம் வரை பார்த்தேன். பொறுமை போய் உள்ளே கையை விட்டபோது அடுப்படியிலிருந்து அம்மா சொன்னார்: "கையால பிடிச்சுத் தூக்கிப் போட்றாதடா. அப்பத்தா கிளி ஞாபகம் இருக்குல்ல?"

கையை எடுத்துவிட்டேன்.

அப்பத்தாவிடம் ஒரு பச்சைக்கிளி இருந்தது. 1997, மதுரை. எனக்கு ஒன்பது வயது. சிவப்பு ஆரம் போட்ட கிளி. பறக்க முடியாதபடி சிறகை வெட்டிவிட்டிருந்தார்கள். திண்ணையில் துருப்பிடித்த பழைய கூண்டில் பல வருஷம் இருந்தது. வாடகை வீட்டிலிருந்து சொந்த வீட்டுக்குக் குடிபோன அன்று, கிளிக்கும் கிரகப்பிரவேசம் என்று சொல்லி சித்தப்பா பளபளவென்று ஒரு புதுக் கூண்டு வாங்கி வந்தார். வெள்ளி மாதிரி மின்னியது. கிளி மாற மறுத்தது. துண்டைப் போட்டு அமுக்கிப் பிடித்தது நான்தான். கடித்தது, ரத்தம் வந்தது, நான் விடவில்லை. எல்லாரும் கைதட்டினார்கள். அதற்கப்புறம் கிளி பேசவில்லை. கம்பியையே கடித்துக்கொண்டிருந்தது, தண்ணீர் தண்ணீராகக் குடித்தது, கொய்யாவைத் தொடவில்லை. ஆறாம் நாள் காலையில் கூண்டின் தரையில் கிடந்தது. அப்பத்தா யாரையும் ஒரு வார்த்தை திட்டவில்லை. முருங்கை மரத்தடியில் புதைத்துவிட்டு வந்து, அந்தக் கூண்டில் வெங்காயம் போட்டு வைக்க ஆரம்பித்தார்.

பட்டாணி முரண்டு பிடித்த அந்தச் சனிக்கிழமை ராத்திரி, நான் பிடிக்காமல் விட்ட பறவையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கூண்டுகளின் வரலாற்றைப் படிக்க உட்கார்ந்தேன். நமக்குப் பிரச்சினை என்றால் டாகுமென்டேஷன் தேடுவதுதானே பழக்கம்.

*

கூண்டுக் கிளியின் எழுதப்பட்ட வரலாற்றில் இந்தியக் கிளிதான் ஆரம்பத்திலேயே வருகிறது. கிறிஸ்துவுக்கு நானூறு ஆண்டுகள் முன்பு பாரசீக அரண்மனையில் மருத்துவராக இருந்த டெசியஸ் என்ற கிரேக்கர், மனிதனைப் போலப் பேசும் ஒரு பறவை இந்தியாவில் இருப்பதாக எழுதினார். அலெக்சாண்டரின் படையெடுப்புக்குப் பிறகு இந்தியக் கிளி மத்தியதரைக்கடல் உலகத்துக்குப் பழக்கமானது. கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் பெர்கமோன் அரண்மனைத் தரையில் வண்ணக் கற்களால் பதித்த ஒரு கிளி இன்று பெர்லினில் இருக்கிறது. பார்த்தால் நம் ஊர்க் கிளியின் பங்காளி என்று உடனே தெரியும்.

ரோமில் அது பணக்காரர்களின் பறவை. கி.பி. முதல் நூற்றாண்டில் மூத்த பிளினி தன் இயற்கை வரலாற்று நூலில் கிளியைப் பற்றி எழுதுகிறார்: இந்தியா அனுப்பும் பறவை, உடம்பு பச்சை, கழுத்தில் சிவப்பு வளையம், பேரரசருக்கு வணக்கம் சொல்லும். அடுத்து வருவதுதான் என்னை நிறுத்தியது. பேசக் கற்றுக்கொடுக்கும்போது இரும்புக் கம்பியால் அதன் தலையில் அடிக்க வேண்டுமாம். மண்டை அவ்வளவு கெட்டி, இல்லாவிட்டால் அடி உறைக்காதாம். பெரிய அறிஞர், சமையல் குறிப்பு மாதிரி சொல்லிவிட்டுப் போகிறார்.

அதே நூற்றாண்டில் ஸ்டேடியஸ் என்ற கவிஞர், தன் புரவலர் மெலியோரின் கிளி செத்ததற்கு ஓர் இரங்கற்பா எழுதினார். முந்தின ராத்திரி விருந்தில் விருந்தினர்களோடு பேசித் திரிந்த கிளி மறுநாள் இல்லை. கவிதையில் அதன் கூண்டு விரிவாக வருகிறது: சிவந்து மின்னும் கூரை, யானைத் தந்தத்தில் கோத்த வெள்ளிக் கம்பிகள். இப்போது காலியாகக் கிடக்கும் அந்தக் கூண்டைப் பார்த்துத்தான் கவிஞர் புலம்புகிறார். படித்ததும் அப்பத்தாவின் வெங்காயக் கூண்டு கண் முன்னால் வந்து நின்றது. இரண்டாயிரம் வருஷம் முன்னால் ரோமில் ஒரு வெள்ளிக் கூண்டு, மதுரையில் வெள்ளி மாதிரி ஒரு கூண்டு. இரண்டுமே பார்க்கிறவர்களுக்காகச் செய்தவை. தந்தம் என்றால் கிளிக்கு என்ன தெரியும்?

நம் பக்கம் மட்டும் யோக்கியம் என்று சொல்லிவிட முடியாது. சம்ஸ்கிருதத்தில் சுகசப்ததி என்று கிளி சொல்லும் எழுபது கதைகள் உண்டு. வணிகன் வெளியூர் போன பிறகு அவன் மனைவி காதலனைப் பார்க்கக் கிளம்புகிறாள். தினமும் ஒரு கதை சொல்லி அவளை வாசல் தாண்டாமல் நிறுத்துகிறது கிளி. பதினான்காம் நூற்றாண்டில் நக்‌ஷபி இதைப் பாரசீகத்தில் தூதிநாமாவாக எழுத, பின்னர் அக்பர் அதற்கு ஓவியப் பிரதி செய்வித்தார். எல்லாரும் ரசித்த கதை. எனக்கு அதில் கண்ணில் படுவது வேறு: ஒரு கூண்டுக்குள் இன்னொரு கூண்டு. அடைபட்ட பறவையை வைத்தே இன்னொரு உயிரை அடைத்து வைக்கிறார்கள்.

மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் அம்மன் சந்நிதிக்கு முன்னால் கிளிக்கூட்டு மண்டபம் இருக்கிறது. அங்கே கிளிகளைக் கூண்டில் வளர்த்து மீனாட்சியின் பேரைச் சொல்லப் பழக்கினார்கள். அதனால் அந்தப் பெயர். இப்போது மண்டபம் உண்டு, கிளிகள் இல்லை. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் ஊர்க் கிளியைப் பிடிப்பதும் விற்பதும் அடைத்து வளர்ப்பதும் குற்றம். 1997-லும் குற்றம்தான். எங்கள் தெருவில் அது யாருக்கும் உறைக்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் கையில் இருக்கும் கிளியை மட்டும் தினமும் புதிதாக இலையால் செய்கிறார்கள், மூக்குக்கு மாதுளம்பூ. கூண்டு தேவைப்படாத கிளி அது ஒன்றுதான்.

*

சரி, அப்பத்தாவின் கிளி ஏன் செத்தது? பயம் ஒரு காரணம். இன்னொன்று அந்தப் பளபளப்பு.

இரும்பு துருப்பிடிக்காமல் இருக்கத் துத்தநாக முலாம் பூசும் முறைக்கு 1837-இல் பிரான்சில் சோரெல் என்ற பொறியாளர் காப்புரிமை வாங்கினார். பக்கெட், ஓடு, வேலிக் கம்பி, கூண்டு எல்லாம் மலிவானது இதனால்தான். ஆனால் கிளி வகைகள் அலகைப் பிடித்துத்தான் கம்பியில் ஏறும், கண்டதையெல்லாம் கடித்துப் பார்க்கும். புதுக் கம்பியில் பிசிறாக நிற்கும் துத்தநாகம் வயிற்றுக்குள் போய் விஷமாகிறது. பறவை மருத்துவர்கள் இதைப் 'புதுக் கம்பி நோய்' என்றே சொல்கிறார்கள். சோர்ந்து போகும், சாப்பிடாது, தண்ணீர் தண்ணீராகக் குடிக்கும். வினிகர் மாதிரி லேசான அமிலம் தொட்டுத் தேய்த்துக் கழுவினால் ஆபத்து குறையும். எவர்சில்வர் என்றால் அந்தக் கவலையே இல்லை.

இந்தப் பத்தியை நான் இரண்டு முறை படித்தேன். துருப்பிடித்த பழைய கூண்டில் அது பல வருஷம் உயிரோடு இருந்தது. நாங்கள் பிரியமாக வாங்கிக்கொடுத்த கூண்டைத்தான் அது கடைசி வரை கடித்துக்கொண்டிருந்தது. பயமா, துத்தநாகமா, இரண்டுமா என்று இனி யாரும் சொல்ல முடியாது. துண்டைப் பிடித்திருந்தது யார் என்பதில் மட்டும் சந்தேகமில்லை.

சோரெலுக்கு மூன்றே வருஷம் கழித்து, 1840-இல், ஜான் கூல்ட் என்ற ஆங்கிலேயப் பறவையியலாளர் ஆஸ்திரேலியாவிலிருந்து உயிருள்ள பட்ஜரிகர்களோடு இங்கிலாந்து திரும்பினார். அவர் மைத்துனர் சார்ல்ஸ் காக்ஸன் குஞ்சிலிருந்து வளர்த்த பறவைகள் அவை. அங்கே காட்டில் அவை மழையைத் தேடி ஆயிரக்கணக்கில் கூட்டம் கூட்டமாக அலைபவை. புல் விதை தின்னும், யூகலிப்டஸ் பொந்தில் முட்டையிடும். ஐரோப்பாவில் கூண்டுக்குள்ளேயே குஞ்சு பொரித்தன. நீலம், மஞ்சள், வெள்ளை என்று புதுப்புது நிறங்கள் வந்தன. மலிவான கம்பியும் மலிவான கிளியும் ஒரே காலத்தில் வந்து சேர்ந்து, அரண்மனைச் சமாச்சாரம் நடுத்தர வீட்டு வராந்தாவுக்கு இறங்கியது. பட்டாணியின் முன்னோர் ஆஸ்திரேலியாவைப் பார்த்து எத்தனையோ தலைமுறை ஆகியிருக்கும்.

ஆபீசில் ஒருத்தன் கேட்டான், "இவ்ளோ ஃபீல் பண்றியே, திறந்து விட்டுட வேண்டியதுதானே?" நியாயமான கேள்வி மாதிரி இருக்கும். ஆனால் தினமும் கிண்ணத்தில் தீனி பார்த்த 35 கிராம் பறவை சென்னைக் காக்கைகளுக்கு நடுவே எத்தனை நாள் தாங்கும்? திறந்துவிடுவதும் நம் மனசாட்சிக்கு நாம் வாங்கிக்கொள்ளும் இன்னொரு பளபளப்புதான். அடைத்தாகிவிட்டது. இனி அதன் அவசரத்துக்கு நாம் போவதா, நம் அவசரத்துக்கு அது வருவதா என்பதில் மட்டும்தான் நம் கையில் ஏதோ மிச்சம் இருக்கிறது.

*

பழைய சர்வரிலிருந்து புதுசுக்கு மாறும்போது ஒரே ராத்திரியில் பழசை அணைக்க மாட்டோம். இரண்டையும் கொஞ்ச நாள் சேர்ந்தே ஓடவிடுவோம். ஏதாவது உடைந்தால் திரும்பிப் போக வழி இருக்கும். வேலையில் இதைப் பத்து வருஷமாகச் செய்கிறேன். வீட்டில் ஒரு பறவைக்குச் செய்யத் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து முறையாக ஆரம்பித்தேன். புதுக் கூண்டை நடு ஹாலிலிருந்து எடுத்து, ஒரு பக்கம் சுவரை ஒட்டி, கண் உயரத்தில் வைத்தேன். நாலு பக்கமும் திறந்திருந்தால் எந்தப் பக்கம் பருந்து வரும் என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இரையாகப் பிறந்த உயிருக்கு முதுகுக்குப் பின்னால் ஒரு சுவர் வேண்டும். பழைய கூண்டை அதன் பக்கத்திலேயே வைத்தேன். மூன்றாம் நாள் பழைய உட்காரும் குச்சிகளில் ஒன்றை, கழுவாமல், கீறலும் எச்சமுமாக அப்படியே புதுக் கூண்டுக்கு மாற்றினேன். அதன் இடத்தில் கொய்யாக் கிளை ஒன்றைச் செருகினேன். ஐந்தாம் நாள் மணி போனது. பழைய கிண்ணத்தைக் கடைசிவரை அசைக்கவில்லை. சின்னப் பறவை ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாவிட்டாலே உயிருக்கு ஆபத்து. அதனால் தினமும் உமியை ஊதிவிட்டு, நிஜமாகத் தின்றிருக்கிறதா என்று அம்மா பார்த்துச் சொல்வார். ராத்திரி இரண்டு கூண்டுக்கும் சேர்த்து அம்மாவின் ஒரே பழைய சேலை.

ஏழாம் நாள் கடையில் தினைக்கதிர் கிடைத்தது. பட்ஜரிகருக்கு அது நமக்கு ஜிலேபி மாதிரி. கதிரைப் புதுக் கூண்டின் வாசலுக்கு உள்ளே, இரண்டு அங்குலம் தள்ளிக் கட்டும்போதுதான் உறைத்தது. சங்கப் பாட்டு நெடுகக் குறிஞ்சிப் பெண்களின் வேலை, தினைப்புனத்தில் பரண் மேல் இருந்து கிளியை விரட்டுவது. அதற்கென்றே தட்டை, குளிர், தழல் என்று கருவிகள் இருந்தன. இரண்டாயிரம் வருஷம் கழித்து, அதே தினையைக் காசு கொடுத்து வாங்கி, வந்து தின்னேன் என்று ஒரு கிளியிடம் கெஞ்சிக்கொண்டு நிற்கிறேன். விரட்டினவர்களிடம்தான் கிளி பயமில்லாமல் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். கத்துவார்கள், பறந்து போகலாம், நாளைக்குத் திரும்பி வரலாம்.

அம்மா அதைக் கேட்டுவிட்டு அருணகிரிநாதர் கதையைச் சொன்னார். அரசனுக்காகப் பாரிஜாத மலர் கொண்டுவர, தன் உடலைக் கோபுரத்தில் விட்டுவிட்டு, செத்த கிளியின் உடலுக்குள் புகுந்து பறந்தாராம். திரும்பி வருவதற்குள் எதிரி சம்பந்தாண்டான் உடலை எரித்துவிட்டான். அவர் கிளியாகவே தங்கிவிட்டார். திருவண்ணாமலைக் கிளிக் கோபுரத்துக்கு அந்தப் பேர் அப்படி வந்தது. தமிழில் கூடு என்றால் பறவை கட்டுவது, நாம் அடைப்பது, உடம்பு, மூன்றும்தான். "போனது தப்பில்லடா," என்றார் அம்மா. "அவர் திரும்பி வர்றதுக்குள்ள பழசை எரிச்சுட்டான் பாரு, அதான் தப்பு."

பதினொன்றாம் நாள், ஒரு டீம் காலில் நான் பேசிக்கொண்டிருந்தபோது, பின்னால் மணிச் சத்தம் கேட்டது. மியூட் போட்டுவிட்டுத் திரும்பினேன். பட்டாணி புதுக் கூண்டுக்குள் பாதி உடம்பை நீட்டி, கால்கள் இன்னும் பழைய வாசலில் இருக்க, கதிரிலிருந்து ஒரு மணியைப் பிய்த்தது. உடனே உள்ளே ஓடிவிட்டது. மறுபடி வந்தது. நான்காவது தடவை இரண்டு காலையும் வைத்தது. சாயங்காலம் மூன்றடி அகலத்தையும் ஒரு முறை பறந்து கடந்தது. பறந்து முடித்ததும் அதுவே திடுக்கிட்ட மாதிரி இருந்தது.

இருட்டியதும் பழைய கூண்டுக்கே தூங்கப் போனது. இப்போதும் சில ராத்திரி அப்படித்தான். ஹாலில் இடமில்லை. பழையதைக் காயலான் கடையில் போட்டுவிடலாமா என்று ஒருநாள் கேட்டேன். அம்மா பதில் சொல்லவில்லை. வெங்காயக் கூடையை நகர்த்தி, அதற்கு இன்னும் கொஞ்சம் இடம் பண்ணினார்.