4.11 வேண்டுமா, 3.08 போதுமா?

என் பையன் கம்ப்யூட்டரில் கார் ரேஸ் ஆடுவான். பழைய அமெரிக்கக் கார் ஒன்றை எடுத்து, பின் ஆக்சில் விகிதத்தை 4.30 என்று மாற்றிக்கொண்டு புறப்படுவான். முதல் ஐந்து வினாடிக்கு அவன்தான் ராஜா. நேர்சாலை நீண்டதும் எஞ்சின் கத்தும், ஒவ்வொருத்தராக முந்திப் போய்விடுவார்கள். "ஏம்ப்பா இப்படி?" என்றான். பி.காம். படித்துவிட்டு புனேயில் வங்கி உத்தியோகம் பார்ப்பவனிடம் கேட்கிற கேள்வியா இது? ஆனாலும் அப்பா என்கிற கெளரவம் இருக்கிறதே! இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து படித்தேன்.

ஊரில் லாரி பட்டறையில் கிரவுன், பினியன் என்பார்களே, அந்த ஜோடிதான் விஷயம். பினியனில் 9 பல், கிரவுனில் 37 பல் என்றால் விகிதம் 4.11. சக்கரம் ஒரு சுற்று சுற்ற, ஷாஃப்ட் 4.11 சுற்று சுற்ற வேண்டும். எண் கூடினால் இழுவை கூடும். அதே வேகத்துக்கு எஞ்சின் அதிகம் சுற்றவும் வேண்டும். எங்கள் பாஷையில் சொன்னால் வரவு ஒரு பக்கம், பற்று மறுபக்கம்.

1964-ல் போன்டியாக் ஜி.டி.ஓ. வந்தபோது, வழக்கமான 3.23-க்குப் பதில் 3.90 கேட்டு வாங்கலாம். 1969-ன் மஸ்டாங் பாஸ் 302-ல் 3.50 வழக்கம், 3.91, 4.30 வேண்டுவோருக்கு. கால் மைல் பந்தயப் பைத்தியம் பிடித்த காலம் அது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை பந்தயம் ஓட்டிய அதே காரில்தானே திங்கட்கிழமை வேலைக்கும் போகவேண்டும்?

கணக்குப் போட்டுப் பார்த்தேன். 26 அங்குல டயர், டாப் கியர் நேரடி, மணிக்கு 60 மைல். 3.08 என்றால் எஞ்சின் நிமிடத்துக்கு சுமார் 2,390 சுற்று. 4.11 என்றால் 3,190. அதாவது 800 சுற்று கூடுதல். இரைச்சல், பெட்ரோல், தேய்மானம் எல்லாம் இந்தப் பற்றுக் கணக்கில்தான்.

பெட்ரோல் மலிவாக இருந்தவரை யாரும் கணக்குப் பார்க்கவில்லை. 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. 1974-ல் அமெரிக்கா முழுக்க 55 மைல் வேக வரம்பு. 1975-ல் கார்களின் மைலேஜுக்கே சட்டம் போட்டார்கள். கம்பெனிகள் 2.73, அதற்கும் கீழே என்று இறங்கின. கார் சிக்கனமானது, புறப்படும் வேகம் போயிற்று.

இந்த இழுபறியைத் தீர்த்தது ஓவர்டிரைவ். 1982-ல் ஜெனரல் மோட்டார்ஸ் கொண்டுவந்த 700ஆர்4 ஆட்டோமேடிக்கில் நான்காவது கியர் 0.70. பின்னால் 4.11 போட்டாலும் நெடுஞ்சாலையில் 2.88 மாதிரிதான் ஓடும். 1980-களின் கடைசியில் வந்த 5.0 மஸ்டாங்கை 2.73-ஓடு வாங்கியவர்கள் பலர், அதைக் கழற்றிவிட்டு 3.55, 3.73 மாட்டிக்கொண்டார்கள். ஐந்தாவது கியர் 0.68 இருக்கும் தைரியம்!

ஆக, ஆக்சில் எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்யக்கூடாது. டயர் எத்தனை அங்குலம், டாப் கியர் என்ன, தினமும் எந்த வேகத்தில் ஓட்டப்போகிறோம், இந்த மூன்றையும் பார்த்துவிட்டுத்தான் எண்ணைத் தொடவேண்டும். கார் கடன் கேட்டு என் மேஜைக்கு வரும் பிள்ளைகளும் ஷோரூமைவிட்டு வண்டி வெளியே வரும் அந்த முதல் நாளைத்தான் பார்க்கிறார்கள். நானோ மீதி 59 தவணையைப் பார்க்கிறேன்.

பையன் 3.50 போட்டு ஆடினான். புறப்படும்போது நாலாவது, முடிக்கும்போது இரண்டாவது. "பரவாயில்லப்பா, உங்க கணக்கு வேலை செய்யுது" என்றான். அது போதும் எனக்கு :-)