ஈஸ்டர் பீரின் வயது

மார்ச் மாதம் பிறந்ததும் ஸ்காண்டிநேவியக் கடைகளில் மஞ்சள் நிறம் கூடிவிடும். கோழிக்குஞ்சும் முட்டையும் வரைந்த சீட்டுகளோடு டென்மார்க்கில் போஸ்கெபிரிக், ஸ்வீடனில் போஸ்கோல், நார்வேயில் போஸ்கெஓல் என்று ஈஸ்டருக்கான பீர் வகைகள் வந்து இறங்கும். பண்டிகையும் மதுவும் இப்படிக் கைகோத்து வருவதைப் பார்ப்பவருக்கு இது வைக்கிங் காலத்திலிருந்தே வரும் வழக்கம் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் சான்றுகளைப் புரட்டினால் அந்தத் தொன்மைக்கு உரிமை உள்ளது கிறிஸ்துமஸ் பீர்தான். ஈஸ்டர் பீர் நவீன காலத்துப் பிள்ளை. லாகர் தொழில்நுட்பமும் மதுச் சட்டங்களும் கடைகளின் விற்பனை நாள்காட்டியும் சேர்ந்து அதை உருவாக்கின.

மேற்கு நார்வேயின் பழைய குலாத்திங் சட்டம் குளிர்காலப் பண்டிகைக்குப் பீர் காய்ச்சுவதைக் கடமையாகவே விதித்தது. காய்ச்சிய பீரைக் கிறிஸ்துமஸ் இரவில் கிறிஸ்துவுக்கும் மரியாளுக்கும் அர்ப்பணித்து, நல்ல விளைச்சலும் அமைதியும் வேண்ட வேண்டும். தவறியவர் பிஷப்புக்கு அபராதம் கட்ட வேண்டும். மூன்று ஆண்டுகள் தொடர்ந்து தவறினால் சொத்தே பறிபோகும். இவ்வளவு கண்டிப்பு குளிர்காலத்தின் மேல் விழுந்ததற்கு வேளாண்மையே காரணம் என்பது என் கணிப்பு. அறுவடை முடிந்த பார்லி கையில் இருக்கும் பருவம் அது. குளிரும் காய்ச்சுபவருக்குத் துணை நிற்கும். ஈஸ்டரோ களஞ்சியம் அடிமட்டத்தைத் தொடும் வசந்தத்தில் வருகிறது. அதற்கு முன்னால் கத்தோலிக்கக் காலத்தில் நாற்பது நாள் தவக்காலம் வேறு இருந்தது.

பண்ணை வீடுகளில் ஈஸ்டருக்கும் பீர் காய்ச்சியிருப்பார்களே என்று ஒருவர் கேட்கலாம். காய்ச்சியிருப்பார்கள். திருமணத்துக்கும் சாவுக்கும்கூடக் காய்ச்சிய மக்கள் அவர்கள். ஆனால் அது எல்லா நாளுக்கும் பொதுவான வீட்டுப் பீர். ஈஸ்டருக்கென்றே தனிப் பெயர், தனி நிறம், தனி வீரியம் கொண்ட பீர் வேண்டுமானால், குளிரில் மெல்ல நொதித்து வாரக்கணக்கில் கிடந்து முதிரும் லாகர் முதலில் வந்தாக வேண்டும். அது பவேரியாவிலிருந்து வந்தது. அங்கே 1553-ஆம் ஆண்டின் ஆணை ஏப்ரல் 23 முதல் செப்டம்பர் 29 வரை பீர் காய்ச்சுவதைத் தடுத்தது. ஆகவே மார்ச்சில் காய்ச்சுவது கோடை முழுக்கத் தாங்கும்படி வீரியமாக இருக்க வேண்டியிருந்தது. தவக்காலத்துக்கென்று மியூனிக் துறவிகள் காய்ச்சிய சத்தான பீரும் அந்த மண்ணின் மரபே. 1845-இல் ஜே. சி. யாகப்சன் மியூனிக்கின் ஸ்பாட்டன் ஆலையிலிருந்து ஈஸ்ட்டைக் கோபன்ஹேகனுக்குக் கொண்டுவந்தார். 1847-இல் கார்ல்ஸ்பெர்க் ஆலையைத் தொடங்கினார். பின்னாளில் டேனிஷ் ஆலைகள் ஈஸ்டருக்கென விற்ற வழக்கத்தைவிட வீரியமான லாகரின் வேரை இங்கேதான் தேட வேண்டும்.

ஸ்வீடனின் கதை இன்னும் தெளிவானது. 1922-இல் நடந்த பொதுவாக்கெடுப்பில் முழு மதுவிலக்கு மயிரிழையில் தோற்றது. ஆனாலும் வீரியமான பீர் பொதுச் சந்தையிலிருந்து நீக்கப்பட்டு, மருத்துவர் சீட்டு இருந்தால் மருந்துக்கடையில் கிடைக்கும் பொருளானது. 1955 அக்டோபரில்தான் அது திரும்பி வந்தது. அதுவும் சிஸ்டம்போலாகெட் என்ற அரசு நிறுவனத்தின் வழியாக. முப்பது ஆண்டுகளுக்கு மேல் சட்டம் அடைத்து வைத்திருந்த ஒன்று தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்த மரபாக எப்படி இருக்க முடியும்? அந்த வெற்றிடத்தைப் பெருமளவு நிரப்பியது மது இல்லாத ஒரு பானம். 1910-இல் ராபர்ட்ஸ் குடும்பம் பீருக்கு மாற்றாக உருவாக்கிய, மால்ட்டும் ஹாப்ஸும் மணக்கும் கறுப்புச் சோடா அது. கிறிஸ்துமஸில் யூல்முஸ்ட் என்றும் ஈஸ்டரில் போஸ்க்முஸ்ட் என்றும் இன்றுவரை விற்கிறது. ஸ்வீடனின் ஈஸ்டர் மேசையில் பல பத்தாண்டுகள் மூத்த உரிமை இந்தச் சோடாவுக்குத்தான்.

சிறு ஆலைகள் இந்தக் கதைக்குள் வருவது 1990-களின் பிற்பகுதியிலிருந்து 2000-களின் நடுப்பகுதி வரையில். ஸ்வீடனில் நினேஸ்ஹாம், நார்வேயில் நெக்னெ ஓ, டென்மார்க்கில் மிக்கெல்லர் போன்றவை எழுந்த ஏறத்தாழப் பத்தாண்டுகள் அவை. பெரிய ஆலைகளின் விளம்பரத் தந்திரத்தைச் சிறியவை நகலெடுத்தன, அவ்வளவுதான் என்பது கடுமையான மறுப்பு. அதில் பாதி உண்மை. டென்மார்க்கின் டூபோர்க் ஆலை தன் கிறிஸ்துமஸ் பீருக்காக 1990-இல் தொடங்கிய வெளியீட்டு நாளைப் பார்த்துத்தான் ஈஸ்டருக்கும் 'பி-நாள்' வந்தது. மறுபாதி தொட்டியில் இருக்கிறது. ஈஸ்டர் மார்ச் 22-க்கும் ஏப்ரல் 25-க்கும் இடையே எந்த ஞாயிறிலும் விழலாம். தொட்டிகள் குறைந்த ஆலைக்கு லாகரை வாரக்கணக்கில் கிடத்திவைப்பது கட்டுப்படியாகாது. அதனால் விரைவில் முடியும் ஏல் வகைக்கு அவற்றில் பல திரும்பின. முட்டைக்கும் ஹெர்ரிங் மீனுக்கும் ஆட்டிறைச்சிக்கும் பொருந்தும்படி மால்ட் இனிப்பையும் ஹாப்ஸ் கசப்பையும் அளந்து வைத்தன. ஒரே வீரிய லாகராக இருந்தது பல பீர்களானது. இது நகல் எடுப்பவரின் வேலை அல்ல.

இளமை ஒரு வழக்கத்துக்குக் குறையுமல்ல. நார்வேக்காரர்கள் ஈஸ்டர் விடுமுறையில் மலைக்குடிலுக்குப் போய்த் துப்பறியும் நாவல் படிப்பதும் 1923-இல் ஒரு புத்தக விளம்பரத்தில் தொடங்கியதுதான். இன்று அது தேசிய வழக்கம். ஈஸ்டர் பீரும் அப்படியே நிலைத்துவிட்டது. அதன் சீட்டில் வைக்கிங் பெருமையைத் தேட வேண்டிய தேவையே இல்லை. அதை வளர்த்த சட்டத்தின் பிடி மட்டும் இன்னும் விடவில்லை: பெரிய வெள்ளியன்று சிஸ்டம்போலாகெட் கடைகள் திறப்பதில்லை, ஈஸ்டர் பீர் வேண்டுவோர் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.