அவைக்கு வெளியே 33 ஆண்டுகள்: இரா. செழியனும் ஒரு முன்னாள் உறுப்பினரின் பணியும்

இரா. செழியன் நாடாளுமன்றத்தில் இருந்தது ஏறக்குறைய 21 ஆண்டுகள். 1962இல் பெரம்பலூரிலிருந்தும், 1967, 1971 தேர்தல்களில் கும்பகோணத்திலிருந்தும் மக்களவைக்குத் தேர்வானார். 1978 முதல் 1984 வரை மாநிலங்களவையில் இருந்தார். அதன் பிறகு 2017 ஜூன் 6 அன்று வேலூரில் காலமாகும் வரை 33 ஆண்டுகள் அவர் வெறும் 'முன்னாள் எம்.பி.'. பதவியில் இருந்ததைவிடப் பதவி இல்லாமல் இருந்த காலமே நீளம். நெடுஞ்செழியனின் தம்பி, அண்ணாவின் நம்பிக்கைக்குரியவர், நல்ல நாடாளுமன்றவாதி என்று மூன்று வரிகளில் அவரை முடித்துவிடும் நம் அரசியல் வரலாறுகள், இந்த இரண்டாவது பகுதியைக் கண்டுகொள்வதில்லை. அவரது மிக நிலைத்த பங்களிப்பு அந்தப் பகுதியில்தான் நிகழ்ந்தது என்பதும், அதற்கான பயிற்சி அவர் தில்லியில் பார்த்த குழு வேலையிலிருந்து வந்தது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

1962 தேர்தலில் திமுக முதன்முறையாகத் தன் சின்னத்தில் மக்களவைக்கு உறுப்பினர்களை அனுப்பியது. ஏழே பேர். அண்ணா அதே ஆண்டில் மாநிலங்களவைக்குப் போனார். பிரிவினைத் தடுப்புக்கான 16ஆவது அரசியல் சட்டத் திருத்தமும் ஆட்சிமொழிச் சட்டமும் 1963இல் அடுத்தடுத்து வந்தன. கட்சியின் உயிர்நாடியான இரண்டு கேள்விகளை ஏழு பேர் கொண்ட குழு நேரு காலத்து அவையில் எதிர்கொள்ள வேண்டியிருந்தது. மேடைப் பேச்சு அங்கே செல்லுபடியாகாது. விதி எண், மசோதாவின் உட்பிரிவு, வரவு செலவுப் புள்ளி ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டுதான் எழ வேண்டும். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்த செழியனுக்கு இது இயல்பாக வந்தது. 1967இல் திமுகவின் பலம் 25 ஆனபோது அவர் அவையின் நடைமுறைகளில் ஊறிய மூத்த உறுப்பினராகிவிட்டிருந்தார்.

1971 முதல் 1973 வரை அவர் பொதுக் கணக்குக் குழுவின் தலைவர். மினு மசானி தலைவரான 1967 முதல் அந்தப் பொறுப்பை ஆளுங்கட்சி அல்லாதவருக்குத் தருவது மரபு. மசானி, வாஜ்பாய், அவர்களை அடுத்து செழியன். 1971 தேர்தலை இந்திரா காங்கிரசோடு கைகோத்துச் சந்தித்த கட்சியின் உறுப்பினர், அதே அரசின் செலவுக் கணக்கைத் துருவ உட்கார்ந்தார் என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

இந்தக் குழுவின் வேலையை இங்கே சற்று விளக்கியாக வேண்டும். செழியனின் பிற்கால வாழ்வு முழுவதும் அதன் நீட்சிதான். தலைமைத் தணிக்கையாளர் தரும் அறிக்கையின் ஒவ்வொரு பத்தியாக, தலைநகரத்து அலுவலர்கள் சொல்லும் 'ஆடிட் பாரா'வாக, எடுத்துக்கொள்கிறார்கள். துறைச் செயலாளரை அழைக்கிறார்கள். யார் முடிவெடுத்தார், எந்தத் தேதியில், எந்தக் கோப்பில், யாருடைய வாய்மொழி உத்தரவில் என்று கேட்கிறார்கள். அமைச்சர் அங்கே வருவதில்லை, கைதட்டலும் இல்லை. பணம் செலவாகி ஓரிரு ஆண்டுகள் கழித்து நடக்கும் இந்த விசாரணையால் போன பணம் திரும்பிவிடாது. எழுத்தில் ஒரு பதிவு மிஞ்சும். நடந்து முடிந்ததைப் பதிவாக்குவதும் ஆட்சியைக் கட்டுப்படுத்தும் வழிதான் என்ற நம்பிக்கை இல்லாதவருக்கு இது சலிப்பூட்டும் வேலை. செழியனுக்கு அந்த நம்பிக்கை இருந்தது.

அது கடும் சோதனைக்கு உள்ளானது நெருக்கடி நிலையில். பல எதிர்க்கட்சித் தலைவர்கள் சிறையில் இருக்க, தணிக்கை பத்திரிகைகளின் வாயை அடைத்திருக்க, 1975 ஜூலையில் கூடிய அவையில் எதிர்த்துப் பேசிய சிலரில் அவர் ஒருவர். 1976 ஜனவரி 31 அன்று திமுக அரசு கலைக்கப்பட்டது. கட்சியினர் மிசாவில் சிறைப்பட்டனர். அதே மக்களவையில் செங்கல்பட்டு உறுப்பினராக இருந்த சிட்டிபாபு, சென்னைச் சிறையில் பட்ட அடிகளின் விளைவாக 1977 ஜனவரியில் உயிரிழந்தார். நெருக்கடி நிலை என்பது செழியனுக்கு ஏட்டுச் செய்தியல்ல, உடனிருந்தவரின் மரணம்.

அதே 1976இல் அதே மக்களவை இன்னொரு காரியமும் செய்தது. உறுப்பினர்களுக்கு ஓய்வூதியம் வழங்கும் சட்டத் திருத்தத்தை நிறைவேற்றிக்கொண்டது. ஐந்து ஆண்டு பணியாற்றியவருக்கு மாதம் 300 ரூபாய், கூடுதலான ஒவ்வோர் ஆண்டுக்கும் 50 ரூபாய், உச்சம் 500. இன்று அந்த அடிப்படைத் தொகை 31,000 ரூபாய். தன் ஆயுளைத் தானே நீட்டித்துக்கொண்ட அவையிலிருந்துதான் முன்னாள் உறுப்பினர் என்ற சட்டப்பூர்வமான பயனாளி பிறந்தார் என்பதைக் கசப்போடுதான் எழுத வேண்டியிருக்கிறது. ஓய்வூதியமே தவறு என்று சொல்ல வரவில்லை. சொத்தில்லாத உறுப்பினர்கள் பலருக்கு அது தேவை. ஆனால் சட்டம் அவர்களுக்குப் பணமும் ரயில் பயணச் சலுகையும் தந்ததோடு நின்றுவிட்டது. இருபதாண்டு அனுபவத்தை என்ன செய்வது என்ற கேள்வியை அது எழுப்பவில்லை. நடைமுறையில் தில்லி தந்த விடைகள் சில: ஆளுநர் பதவி, ஏதேனும் ஒரு வாரியத் தலைமை, மைய மண்டபத்தில் காப்பியோடு பழங்கதை. 2023இல் திறந்த புதிய கட்டடத்தில் அந்த மண்டபமும் இல்லை.

செழியனுக்கு அவையின் கதவு அடைபட்டது 1984 டிசம்பரில். திமுகவிலிருந்து விலகி ஜனதாவுக்கு வந்திருந்த அவர் தென்சென்னையில் நின்றார். எதிரே காங்கிரஸ் வேட்பாளராக நடிகை வைஜயந்திமாலா. இந்திரா கொலையுண்ட அனுதாப அலையில் இருபதாண்டு நாடாளுமன்ற அனுபவம் எடுபடவில்லை.

அதன்பின் அவர் எழுதினார். தில்லியிலுள்ள சமூக அறிவியல் நிறுவனத்தோடு இணைந்து பணியாற்றினார். வேலூரில் பழைய சகாவான முன்னாள் எம்.பி. கோ. விசுவநாதனின் விஐடி பல்கலைக்கழகத்தில் தங்கி மாணவர்களிடம் பேசினார். எழுத்துகளில் முதலில் கவனிக்க வேண்டியது உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி பற்றிய ஆய்வு. 1993 டிசம்பரில் நரசிம்ம ராவ் அரசு கொண்டுவந்த இத்திட்டத்தில் ஒரு உறுப்பினருக்கான நிதி முதல் ஆண்டில் 5 லட்சம். 1998–99இல் ஆண்டுக்கு 2 கோடி. 2011–12இல் 5 கோடி. செலவைக் கண்காணிக்க வேண்டியவரே செலவுக்குப் பரிந்துரைப்பவராகிவிட்டால் கண்காணிப்பது யார் என்பதுதான் பிரச்சினையின் மையம். கணக்குக் குழுவில் இருந்தவர் வேறெதைக் கேட்பார்? உச்ச நீதிமன்றம் 2010இல் திட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. சட்டத்தின் விடை அது. செழியன் எழுப்பிய அரசியல் கேள்வி அப்படியே நிற்கிறது.

ஆனால் அவர் பெயரை நிலைநிறுத்துவது ஷா ஆணைய அறிக்கை. நெருக்கடி நிலை அத்துமீறல்களை விசாரிக்க, உச்ச நீதிமன்றத்தின் முன்னாள் தலைமை நீதிபதி ஜே. சி. ஷாவின் தலைமையில் 1977 மே மாதம் அமைந்த ஆணையம், தில்லி பட்டியாலா ஹவுசில் விசாரணை நடத்தி, 1978இல் மூன்று பகுதிகளாக அறிக்கை தந்தது. 1,10,806 பேர் விசாரணையின்றிச் சிறைவைக்கப்பட்டனர் என்ற கணக்கு அதில் இருக்கிறது. துர்க்மான் கேட் இடிப்பும் துப்பாக்கிச்சூடும் இருக்கின்றன. எனக்கு அதில் மிக முக்கியமாகப் படுவது ஒரு சின்ன விவரம். 1975 ஜூன் 25 இரவு, பகதூர் ஷா ஜாபர் மார்க்கில் இருந்த பத்திரிகை அச்சகங்களுக்கு மின்சாரம் துண்டிக்கப்பட்டது. கன்னாட் பிளேஸ் பக்கமிருந்த ஸ்டேட்ஸ்மனும் இந்துஸ்தான் டைம்சும் புதுதில்லி நகராட்சியின் மின்சாரத்தில் ஓடியதால் மறுநாள் வெளிவந்துவிட்டன. நெருக்கடி நிலை அறிவிப்பு பற்றி அமைச்சரவைக்கு மறுநாள் காலையில்தான் தகவலே சொல்லப்பட்டது. மின்வாரிய அலுவலர்களுக்கு முந்தின இரவே தெரிந்திருந்தது, அமைச்சர்களுக்குத் தெரியவில்லை. அரசியல் சட்ட நூல்கள் பக்கம் பக்கமாக விளக்குவதை இந்த ஒரு வாக்குமூலக் குறிப்பு சொல்லிவிடுகிறது. 'யார், எப்போது, யாருடைய வாய்மொழி உத்தரவில்' என்ற கணக்குக் குழுக் கேள்விக்கு நேரான பதில் இது.

1980 ஜனவரியில் இந்திரா மீண்டும் பிரதமரானார். அறிக்கையின் படிகள் புழக்கத்திலிருந்து மறைந்தன. திரும்பப் பெற்று அழித்துவிட்டார்கள் என்ற பேச்சு நெடுநாள் நிலவியது. வெளிநாட்டு நூலகங்கள் சிலவற்றில் இருந்தது. இந்திய வாசகருக்குக் கிடைக்கவில்லை. அறிக்கை அவையில் வைக்கப்பட்டபோது மாநிலங்களவை உறுப்பினராக இருந்தவர் செழியன். முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 2010இல், தம்மிடமிருந்த படியைக் கொண்டு மூன்று பகுதிகளையும் ஒரே நூலாகப் பதிப்பித்தார். சென்னை ஆழி பதிப்பகம் வெளியிட்டது. 87 வயது, உதவிக்கு அவைச் செயலகம் இல்லை, அறிக்கை யாரைக் குறை சொல்கிறதோ அவர்களின் கட்சி தில்லியில் ஆட்சியிலும், அவரது பழைய கட்சி அதன் கூட்டணியிலும் இருந்த நேரம். இன்று நெருக்கடி நிலை பற்றி எழுதும் எந்த ஆய்வாளரும் இந்தப் பதிப்பைத் தாண்டிப் போக முடியாது. அறிக்கையை இணையத்தில் எவரும் ஒரு நிமிடத்தில் தேடி எடுத்துவிடும் நிலை வருவதற்கு முன் செய்யப்பட்ட வேலை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

ஓய்வூதியச் சட்டத்தின் நோக்கத்தை இவ்வளவு முழுமையாக நியாயப்படுத்தியவர்கள் குறைவு. 2017இல் நடப்பிலிருந்த விகிதப்படி 21 ஆண்டு உறுப்பினருக்குக் கிடைத்தது மாதம் ஏறக்குறைய 44,000 ரூபாய். அதற்கு ஈடாக எதையும் செய்யச் சட்டம் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை.

அவர் பிரதிநிதித்துவப்படுத்திய கும்பகோணம் மக்களவைத் தொகுதி இன்று இல்லை. அவரது பேச்சுகள் இருக்கின்றன; இரு அவைகளின் நடவடிக்கைக் குறிப்புகளும் மின்னுருவில் கிடைக்கின்றன. தமிழகப் பல்கலைக்கழகங்களின் அரசியல், வரலாற்றுத் துறைகள் ஓர் ஆய்வு மாணவரை இந்தப் பணியில் அமர்த்தலாம். தொடங்க வேண்டிய இடம் மேடைப் பேச்சுகள் அல்ல. 1971–73இன் பொதுக் கணக்குக் குழு அறிக்கைகள்.